ஐந்தாவது டிஸ்க்கில் இருந்தது

என் அன்பு நசீரா,

நீ கண்மூடி ஒரு வருஷமும் நாலு மாதமும். உனக்கு ஒரு செய்தி இருக்கு. அதைச் சொல்ல முதல் ஒரு பிழையை ஒப்புக்கொள்ள வேணும்.

உன் அலுமாரியை ஒதுக்கேக்க ஒரு பிஸ்கட் ரின் அகப்பட்டது. அதுக்குள்ளே, நாங்கள் ரெண்டு பேரும் துறைமுக வீதியில் சனங்களுக்கு மனு அடிச்சுக் குடுத்த காலத்து ஃபிளாப்பி டிஸ்க்குகள், கட்டுக் கட்டாக. "சாச்சி, இதுகளை என்ன செய்ய?" என்று உன் மகள் ஷிபானா கேட்டாள். "எறி பிள்ளை, இனி ஆருக்கு?" என்று சொன்னது நான்தான். அவள் எறியவில்லை. உன் பிள்ளையல்லோ.

போன மாதம் கிளிவெட்டிப் பூமணியக்கா மகளோடு வந்தா. டவுனுக்கு வந்த புருஷன் வீடு திரும்பாமல் போனவ, நினைவிருக்கா? காணாமல் போனவர்களைப் பற்றி அரசாங்க அலுவலகம் ஒன்றில் புதிதாக விசாரிக்கிறார்களாம். முதன்முதல் கொடுத்த மனுவின் பிரதி வேண்டுமாம். அவவிடம் இருந்தது இடம்பெயர்ந்தபோது தொலைந்துவிட்டது.

"நீங்கள்தானே அடிச்சுத் தந்தனீங்கள். கொம்பியூட்டரில இருக்காதோ?"

அந்த நாளில் எங்கள் கந்தோர் பூட்டுகிற நேரம் நீ 'பக்கப்' என்று கட்டளை அடிப்பாய். கொம்பியூட்டர் ஒவ்வொரு டிஸ்க்காகக் கேட்கும். நீ மாற்றி மாற்றிப் போட்டு, மேலே இலக்கம் எழுதுவாய். நான் பையோடு வாசலில் நின்று, பஸ் போகுது என்று கத்துவேன்.

ஷிபானாவிடம் ரின்னை வாங்கிக்கொண்டு பூமணியக்காவும் மகளும் நானும் கிண்ணியாவுக்குப் போனோம். கொம்பியூட்டர் திருத்துகிற பாறூக் நானா ஒரு பழைய மெசின் வைத்திருக்கிறார்.

"வாசிக்கேக்கயே பழுதாப் போகும், தங்கச்சி. முதல் எல்லாத்தையும் கொப்பி எடுப்பம்," என்றார்.

அந்த வருஷத்துக் கட்டில் ஏழு டிஸ்க். மூன்று வரை ஒழுங்காக வந்தது. நாலாவது கரகரத்து நின்றது. நானா ஸ்பிரிட்டால் துடைத்து மூன்று தரம் போட்டுப் பார்த்தார். பூசணம் பிடித்திருந்தது. ஏலாது என்றார்.

ஒரு டிஸ்க் நிறைந்தால் எழுதியதை அந்த இடத்திலேயே முறித்து அடுத்ததில் தொடருமாம். பூமணியக்காவின் மனு நாலின் கடைசியில் தொடங்கி ஐந்துக்குள் போயிருந்தது. நானா ஐந்தில் இருந்ததை அப்படியே திரையில் ஓடவிட்டார். அரை வசனத்தில் தொடங்கியது, உன் இங்கிலீஷ். நான் தமிழாக்கி வாசித்தேன்.

"வெளிக்கிடும்போது மகளின் காலை ஓர் ஈர்க்கால் அளந்து, அதைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். அவளுக்குச் செருப்பு வாங்கவென்று."

இந்த வரிக்காக உன்னோடு சண்டை பிடித்தனான், நசீரா. மனுவுக்கு ஈர்க்கு எதுக்கு, வெட்டு என்றேன். "அவ சொன்னவ. இருக்கட்டும்," என்றாய். மற்றப் பக்கம் திரும்பி அடித்துக்கொண்டிருந்தாய்.

அந்த மகளுக்கு இப்போது நாற்பது வயது வரும். திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, எனக்குச் செருப்பு வாங்கவோ அப்பா போனவர்? நீங்கள் ஒருநாளும் சொல்லேல்லையே."

"மறந்திட்டன் பிள்ளை," என்றா பூமணியக்கா. "சத்தியமா மறந்து போனன்."

நானா எழும்பித் தேத்தண்ணி போடப் போனார்.

தொலைந்த முதல் பகுதியைப் பூமணியக்கா திரும்பச் சொல்ல, இன்று சொன்னது என்று மேலே குறித்து வேறாக அடித்தேன். ரெண்டையும் அந்த விசாரணைக் கந்தோரில் எடுத்துக்கொண்டார்கள். இனி என்ன நடக்கும் என்று தெரியாது. மகள் ஈர்க்கு வரி உள்ள பக்கத்தில் மட்டும் இன்னொரு பிரதி கேட்டு வாங்கி, மடிக்காமல் கொண்டுபோனாள்.

சொன்னது எல்லாவற்றையும் எழுத வேணும் என்று உனக்கு ஆர் சொன்னது? நான் கேட்டதே இல்லை.

இன்னும் மூன்று கட்டு டிஸ்க் இருக்கு. ஷிபானாவும் நானும் ஒவ்வொன்றாகக் கொப்பி எடுக்கிறம். எழுதிக் குடுத்த ஆட்களைத் தேடி, சல்லியோ குச்சவெளியோ, எங்கே இருந்தாலும் நானே போய் அவரவர் சொன்னதை வாசித்துக் காட்டுவேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு.

உன் பிள்ளைகளின் சாச்சி,
ரஞ்சினி