இரண்டு தரம் கழித்த நீர்மட்டம்

பிப்ரவரி 11

அக்காவுக்கு,

நீ போன் செய்தபோது மீட்டிங்கில் இருந்தேன், கத்திவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன். கால்வாய்த் தெருவில் பிள்ளைகள் காப்பகத்துக்குப் பார்த்திருக்கும் கீழ்த்தளத்தைத் தாராளமாக எடுங்கள். கடல் ஏறினால் கால்வாய் வழியாகத் தண்ணீர் எந்தத் தெரு வரைக்கும் வரும் என்று கணினியில் ஓட்டிப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. உன் தெருவையும் ஓட்டிப் பார்த்தாயிற்று. வருடத்தின் மிகப் பெரிய கடல் ஏற்றத்துக்கும் வாசற்படி நனையாது.

"நிச்சயமாத்தானாடா?" என்று இரண்டு தரம் கேட்டாய். நம்பிக்கை இல்லையென்றால் என்னை ஏன் கேட்கிறாய்? அத்தானைப் பார். ஒரு வார்த்தை கேட்டாரா மனுஷன்?

தம்பி

மார்ச் 2

அன்புள்ள அவசரக்குடுக்கைக்கு,

காப்பகம் திறந்தாயிற்று. ஒரு பிள்ளை அழ ஆரம்பித்தால் மற்றதெல்லாம் துணைக்கு அழுகின்றன. உன் அத்தான் பஸ் ஓட்டாத நாளெல்லாம் ரம்பமும் கையுமாக உட்கார்ந்து, சுவரோரம் முழுக்க முழங்கால் உயரத்துக்கு அலமாரி அடித்துவிட்டார். "பிள்ளைங்க தானா எடுக்கணும், தானா வைக்கணும்டி" என்கிறார். மெத்தை, பொம்மை எல்லாம் தரையோடு தரையாக இருக்கின்றன.

வீட்டுக்காரம்மா மாடியும் காலிதான், வேண்டுமா என்று கேட்டார். "வேணாங்க, என் மச்சான் கணக்குப் போட்டே சொல்லிட்டான்" என்று இவர் நெஞ்சை நிமிர்த்தினார்.

ஒரு நாள் வந்து பாரேன். கத்தாமல் இருக்க முடிந்தால்.

அக்கா

மார்ச் 19

அக்கா,

"உடனே மாடியைக் கேள், காரணம் கடிதத்தில்" என்று நான் அனுப்பிய செய்தியைப் பார்த்திருப்பாய். போனில் பேசினால் பக்கத்தில் இருக்கும் அத்தானுக்கு என் குரலே காட்டிக்கொடுத்துவிடும்.

துறைமுகத்தில் தண்ணீரை அளக்கும் கோலுக்குப் பூஜ்யம், கடல் மிகவும் வற்றி நிற்கும் மட்டம். தரையின் வரைபடங்களுக்குப் பூஜ்யம், கடலின் சராசரி மட்டம். இரண்டுக்கும் நடுவே உன் காப்பகத்துப் பிள்ளையின் இடுப்பளவு வித்தியாசம். துறைமுகத்து அளவைக் கணினிக்குக் கொடுக்கும்போது அந்த வித்தியாசத்தைக் கழிக்க வேண்டும். கழித்தேன். ஆனால் என் பக்கத்து மேசைக்காரி ஏற்கெனவே கழித்துத்தான் கொடுத்திருக்கிறாள். இரண்டு தரம் கழிந்ததில் தண்ணீர் அவ்வளவு தாழ்வாகத் தெரிந்தது. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். கேட்கும் பொறுமை எனக்கு எங்கே இருக்கிறது?

திருத்தி ஓட்டினேன். வரும் பௌர்ணமி ஏற்றத்தில் தண்ணீர் உன் வீட்டுக்குள் வருகிறது. அதற்குள் எல்லாம் மேலே போய்விட வேண்டும். அன்று பிள்ளைகளே வர வேண்டாம்.

அத்தானிடம் மட்டும் இது என் தப்பு என்று சொல்லாதே. புதுத் தகவல் வந்தது என்று சொல்லிவிடு. ஆபீசிலும் சத்தமில்லாமல் வெள்ள வரைபடத்தை மாற்றிவிட்டேன்.

தம்பி

ஏப்ரல் 5

தம்பிக்கு,

தண்ணீர் வந்தது. முழங்கால் வரை. பிள்ளைகளும் பொருட்களும் பத்திரம். பொருள் அவ்வளவையும் இவர்தான் இடுப்பு வலியோடு மாடிக்கு ஏற்றினார். சுவரில் அறைந்த அலமாரிகளைத்தான் ஏற்ற முடியவில்லை. பலகையெல்லாம் உப்பிப்போய்க் கிடக்கிறது.

பிள்ளைகளைக் கூப்பிட வரும் ஒவ்வொருவரிடமும் என்ன சொல்கிறார் தெரியுமா? "என் மச்சானுக்கு அவ்வளவு அக்கறைங்க. புதுத் தகவல் வந்ததும் முதல்ல நமக்குத்தான் சொன்னான்." நான் பக்கத்தில் நின்று தலையாட்டுகிறேன்.

அவரிடம் நான் சொன்ன முதல் பொய் இது என்று சொல்ல மாட்டேன். புடவை விலை எல்லாம் இருக்கிறது. ஆனால் சொன்ன பிறகு அவர் முகத்தைப் பார்க்க முடியாத பொய் இதுதான். நேற்றுச் சோறு போடும்போது "ஏண்டி ஒரு மாதிரியா இருக்கே?" என்றார். தலைவலி என்றேன். அது அடுத்த பொய்.

கணக்குத் தப்பினதற்கு நான் உன்னை ஒன்றும் சொல்லவில்லை. அதை மூடி மறைக்க என் வாயைக் கேட்டாய் பார், அதுதான். இனி எனக்கு எழுதாதே. எழுதுவதானால் அவருக்கு எழுது.

அக்கா

ஏப்ரல் 9

அத்தானுக்கு,

புதுத் தகவல் எதுவும் வரவில்லை. பழைய தகவலே சரியாகத்தான் இருந்தது. நீர்மட்டத்தை நான் தப்பாக வைத்தேன். வாசற்படி நனையாது என்று சொன்னது அந்தத் தப்பை வைத்துத்தான். அக்கா உங்களிடம் சொன்ன பொய் என்னுடையது. அவளைக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஆபீசில் இன்று காலை எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். அது சுலபமாக இருந்தது. அங்கே யாரும் என்னைப் பற்றித் தெருவெல்லாம் பெருமை பேசவில்லை.

நீங்கள் ஒரு கேள்வி கேட்டிருந்தால் அதற்கும் கத்தியிருப்பேன். கேட்காமலே நம்பினீர்கள். அதை நினைத்தால்தான் எழுதவே கை வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். உப்பிய அலமாரிகளைப் பிரிக்க இன்னொரு ஆள் வேண்டியிருக்கும். என் கை வேண்டாமென்றால் வாசலிலேயே சொல்லுங்கள். என்ன சொன்னாலும் குறுக்கே பேச மாட்டேன்.

மச்சான் என்று கையெழுத்துப் போடக் கூசுகிறது. நீங்கள் அப்படிக் கூப்பிட்டால் போட்டுக்கொள்கிறேன்.

அக்காவின் தம்பி