இருபத்தாறு படங்களும் இடம்பிடித்த கதை

அன்புள்ள அப்பாவுக்கு சலாம்.

முட்டிவலி குறைந்ததா? அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? அல்மாத்தியில் நான் நன்றாக இருக்கிறேன். இது நல்ல செய்திக் கடிதம்.

போன வாரம் என் வழிகாட்டி ஆய்வேட்டைப் புரட்டிவிட்டு, "எம்பது பக்கம் தாண்டினா வாங்க மாட்டாங்கம்மா. உங்கப்பா வரைஞ்ச ஆப்ரிகாட் கிளைப் படத்தையெல்லாம் எடுத்துடு" என்றார். பதின்மூன்று பக்கம் கூடுதல். ஒவ்வொரு கிளைக்கும் நீங்கள் வெயிலில் நின்றதை நினைத்து உங்களிடம் சொல்லவில்லை.

படங்கள் சிறியவைதாம். ஆனால் நான் எழுதும் லேடெக் மென்பொருள் இருபக்கமும் வெற்றிடம் விட்டு, எழுத்தைக் கீழே தள்ளிவிடுகிறது. அறைத்தோழி சல்தானத் எட்டிப் பார்த்தாள். "ஏண்டி, படத்த ஓரமா ஒதுக்கி, பக்கத்துலயே எழுத்த ஓடவிடேன். அதுக்குத் தனிக் கட்டளை இருக்கே."

போட்டேன். படம் ஒரு பட்டியலின்மேல் ஏறி உட்கார்ந்தது. "பட்டியல்கிட்ட வெச்சா அப்படித்தான். நல்ல நீளமான பத்திக்கு முன்னால வை" என்று சிரித்தாள். வைத்தேன் அப்பா. வரிகள் உங்கள் கிளைக்கு வழிவிட்டுக் குறுகி, படம் முடிந்ததும் மறுபடி அகன்றன. இருபத்தாறையும் மாற்றினேன். எழுபத்தொன்பது பக்கம். ஒரு படம்கூடப் போகவில்லை.

காய்ந்த ஆப்ரிகாட்டைக் கொட்டையோடு அனுப்புங்கள். கொட்டையை உடைத்துப் பருப்பைத் தின்றால் இங்கே ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் சீக்கிரம் கழியும்.

வகுப்புக்கு மணியாகிவிட்டது. புதுப் பிரதியைப் பார்த்த வழிகாட்டி இப்போது, "வரைஞ்சவர் பேரு எங்கம்மா?" என்று கேட்கிறார். மாதக் கடைசியில் அச்சு. உங்கள் பெயரை எப்படிப் போடட்டும்?

உங்கள் மகள்,
மஹ்புபா