பிரியாத விரல்

பெருமாநல்லூர்,
ஞாயிறு

அன்புள்ள நித்யஸ்ரீ கண்ணுக்கு, அகில உலக பனியன் சக்கரவர்த்தியும் உன் தாய்மாமனுமான மகுடேஸ்வரன் எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். ஃபோனில் சொன்னால் உன் அத்தை காதில் விழும். அதனால் கம்பெனி கம்ப்யூட்டரில் ஒற்றை விரலால் தட்டுகிறேன்.

என் மகள் வர்ஷினி கல்யாணத்துக்கு உன்னால் வர முடியவில்லை. பந்திக்கு நின்ற கூட்டத்தின் வால் பொங்கலூரில் இருந்தது. இலையில் ஊற்றிய நெய்யில் நொய்யலே கரை புரண்டது. மாப்பிள்ளை நித்தீஷ் தங்கமான பையன். என்னைக் கண்டால் நடுங்குகிறான், வேறென்ன வேண்டும்!

தாலி கட்டியதும், சீர் செய்துவைக்கும் அருமைக்காரர் இருவர் கையையும் கோர்த்து வைத்தார். சீர் முடிந்து பிரிக்கச் சொன்னபோது வர்ஷினியின் விரல்கள் பிரியவில்லை. பக்கத்துத் தோட்டத்துத் தெய்வாத்தாள், "ஏனுங்க மாப்ள, புள்ள இனி உங்கள உடாதுங்கோ!" என்று கத்த, மண்டபமே சிரித்தது. எல்லோரையும் விட உரக்கச் சிரித்தது நான்தான். சிரித்துக்கொண்டே, மாலையைச் சரிசெய்வதுபோல் குனிந்து, ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டேன். யுவனுக்குப் பிரித்துப் பழகிய கை அல்லவா. கத்திரியைப் பிடித்தால் விட முடியாமல் நிற்பானே, என் மகன். கையில் தொடங்கியது நெஞ்சில் போய் முடிந்தது.

உன் அத்தை வாசலில் சம்பந்திகளோடு நின்றாள். பார்க்கவில்லை.

அவன் காரியத்துக்கு வந்தபோது இந்த நோயை நீ விளக்கினாய். மரபணுவில் ஒரே எழுத்துக்கூட்டம் திரும்பத் திரும்ப வந்து, அதன் நகலான ஆர்.என்.ஏ. முறுக்கிக்கொண்டு, வேறு வேலைக்குப் போக வேண்டிய புரதங்களைப் பிடித்து வைத்துக்கொள்கிறதாம். நூல் சிக்காகி ஊசிகளைப் பிடித்துக்கொள்வதுபோல என்று நான் புரிந்துகொண்டேன். அந்தச் சிக்குக்குள் போய் உட்கார்ந்து பிடித்ததை விடுவிக்கும் ஒரு குட்டி மூலக்கூறை மருந்தாக நீ வடிவமைக்கிறாய். மருந்து கப்பலேறிவிட்டது என்று திருப்பூர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். இன்னும் எலியைத் தாண்டவில்லை என்பது எனக்குத் தெரியும்.

தலைமுறைக்குத் தலைமுறை இதன் கடுமை கூடும் என்றும் சொன்னாய். உன் அம்மாவுக்கு இல்லாமல் போனது புண்ணியம். எனக்குக் கண்புரையோடு நின்றது. யுவனை எடுத்துக்கொண்டது. வர்ஷினிக்குப் பிறக்கப்போவதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

நித்தீஷ் விருந்துக்குப் போகிற வீட்டிலெல்லாம், "கையப் புடிச்சா உடவே மாட்டேங்கறாங்க" என்று பெருமையாகச் சொல்கிறான். அவளும் வெட்கப்பட்டுச் சிரிக்கிறாள். அடுத்த தைக்குள் பேரன் வேண்டும் என்கிறார் சம்பந்தியம்மா.

இதைச் சொல்லத்தான் வர்ஷினியைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். வாயைத் திறந்தால் வேடிக்கைதான் வந்தது. வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு எழுந்து போனாள்.

நீ சொல், கண்ணு. குழந்தைக்கு முன்னால் பரிசோதனை செய்துகொள்ளச் சொல். நித்தீஷிடம் அவளே பேசட்டும். உள்ளதை உள்ளபடி சொல்வது உனக்குத்தான் வரும். மருந்து எப்போது வரும் என்று கட்டாயம் கேட்பாள். அந்த ஒன்றுக்கு மட்டும் உன் மாமனைப் போலப் பதில் சொல்.

நீ நூறாண்டு வாழ வேண்டும். வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் மாமன்,
மகுடேஸ்வரன்