கெந்திங் வளைவில் புது டயர்

19 அக்டோபர் 1934, வெள்ளி. காலை 6.15.

விடாத மழை. அண்ணனுக்குத் தையல் மொத்தம் பதினான்கு. நெற்றியில் மூன்று, மீதி வலது முழங்காலில்.

நேற்று விஜயதசமி. நல்ல நாள் என்று புது டயரோடு பாலிக் பூலாவுக்குக் கிளம்பினார். அவருக்கு ரப்பர் கடையில் வேலை. வாரத்தில் நாலு நாள் தோட்டம் தோட்டமாக மோட்டார் சைக்கிளில் போய்ச் சரக்குப் பார்க்க வேண்டும். கெந்திங் மலை இறக்கத்தில் பெரிய வளைவு. வண்டி படுத்துவிட்டது. சறுக்கிக்கொண்டே போய் மைல்கல்லில் முழங்கால். ஒரு மாட்டுவண்டிக்காரர் தூக்கி வந்திருக்கிறார்.

டாக்டர் சொன்னது: கால் தப்பிக்கும், முழங்கால் இனி முழுதாக மடங்காது. மடங்காத காலோடு வண்டி ஓட்ட முடியாது. வண்டி ஓட்டாத ஆளுக்கு அந்தக் கடையில் வேலை ஏது.

டயர் மாட்டியவன் நான். செவ்வாய்க்கிழமை, முன்னும் பின்னும். நெடும்பயணத்துக்கென்றே செய்த டூரிங் டயர், விலைப்பட்டியலில் படம் பார்த்து நானே வாங்க வைத்தேன். இப்போது எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். பட்டறையில் கூட வேலை செய்யும் காதர் அண்ணே நேராகவே கேட்டுவிட்டார்: "என்னா இஞ்சினீரு, டயரு மாட்டுனியா, ஆள மாட்டி விட்டியா?"

சிரிப்பு வரவில்லை. டிரேட் ஸ்கூலில் முதல் வகுப்பு வாங்கியவனுக்கு டயர் மாட்டத் தெரியாதா? காற்று சரி. ரிம் நேர். அச்சு இறுக்கம் சரி. வேறு என்ன?

காலுறை இரண்டு ஜோடியும் ஈரம். வெறும் காலில் ஷூ.

20, சனி.

மழை இல்லை. புழுக்கம்.

லாரியில் வண்டி வந்து இறங்கியது. ஹேண்டில் கோணல், வலது கால்மிதி மேல்நோக்கி மடக்கு, விளக்கு போச்சு. டயர் இரண்டும் முழுசு, ஒரு கீறல் இல்லை. பக்கவாட்டில் கை வைத்தேன். வழவழ. முகர்ந்தேன்.

நல்லெண்ணெய். ஓரத்தில் சந்தனப் பொட்டு, பாதி அழிந்து.

புதன்கிழமை ஆயுத பூஜை. அண்ணி வேலை. அரிவாள்மனை, தையல் மிஷின் எல்லாம் பளபளவென்று துடைத்துப் பொட்டு வைப்பவர், டயரை மட்டும் விடுவாரா?

நேரே ஆஸ்பத்திரி. வராந்தா பெஞ்சில் அண்ணி, மடியில் கஞ்சித் தூக்கு.

"டயர்ல எண்ணெ தடவினது யாரு?"

"நான்தான் தம்பி. புதுசாச்சே, கருகருன்னு இருக்கட்டும்னு... ஏன்?"

"அதுலதான் வழுக்கியிருக்கு. ரப்பர்ல எண்ணெ பட்டா ரோட்டப் பிடிக்குமா? சின்னப் புள்ளைக்கும் தெரியும்."

அவ்வளவுதான் சொன்னேன். கொஞ்சம் சத்தமாக. அக்கம்பக்கத்துக் கட்டில்காரர்களின் சொந்தக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணி தூக்கை என் கையில் கொடுத்தார். "நீங்களே குடுத்துருங்க தம்பி." உள்ளே வரவில்லை.

இதை எழுத வெட்கம். எழுதத்தான் வேண்டும்: அந்த நேரம் எனக்குப் பாரம் இறங்கியது. கோப்பிக்கடையில் இரண்டு ரொட்டி தின்றேன்.

21, ஞாயிறு.

அண்ணி வீட்டில் நேற்று விளக்கு ஏற்றவில்லை. எண்ணெயைக் கிண்ணத்தோடு சாக்கடையில் கொட்டிவிட்டார் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். ஆஸ்பத்திரி வாசல் வரை வருகிறார், அங்கேயே நின்றுவிடுகிறார். "நான் தொட்டா வெளங்காது தம்பி."

அண்ணன் கேட்டார். "எங்கடா அவ?"

"வெளிய நிக்கறாங்க."

"ஏன்?"

சொன்னேன். திட்டுவார் என்றிருந்தேன். சத்தமே இல்லாமல் பேசினார்.

"மடையா. அவ டயரோட பக்கவாட்டுலதான்டா தடவினா. ரோட்டுல படுற எடத்த தொடவே இல்ல. நான் கூடவே நின்னு பாத்தேன். சாணியும் சகதியும் மிதிக்கிற எடம், அதுக்குப் போயி எண்ணெயும் சந்தனமும் வைக்கிறதான்னு கேட்டா. அவளப் பத்தி ஒனக்குத் தெரியாதா?"

பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டே: "நான் நெனக்கிறதுக்கு முந்தியே வண்டி சாஞ்சிருச்சு. எப்பவும் தள்ளுற மாதிரிதான் தள்ளினேன்."

எனக்கு அந்த வாக்கியம் புரிந்துவிட்டது.

22, திங்கள்.

மேகம். ரோடு காய்ந்திருந்தது.

ஹேண்டிலையும் கால்மிதியையும் நிமிர்த்தினேன். டயர் இரண்டையும் பெட்ரோல் துணியால் துடைத்தேன். எண்ணெய் வாடைகூட இல்லை. ஓட்டிப் பார்க்கிறேன் என்று பட்டறை முதலாளி தவ்கேயிடம் சொல்லிவிட்டு ஆயர் ஈத்தாம் வழியாக மலைக்கு. அதே இறக்கம், அதே வளைவு. பழைய டயரில் அண்ணன் ஓட்டுவது போலவே ஓட்டினேன்: இடுப்பால் ஒரு தள்ளு, ஹேண்டிலில் ஒரு அமுக்கு. வண்டி காலுக்கடியில் விழப் பார்த்தது. கால்மிதி தாரைக் கீறிப் பொறி பறந்தது. எப்படி நிமிர்ந்தேன் தெரியாது. ஓரத்தில் நிறுத்தி வாந்தி எடுத்தேன்.

விஷயம் இவ்வளவுதான். பழைய டயர் நடுவில் தேய்ந்து பலகை போல் தட்டையாகிவிட்டது. தட்டையான டயர் நேராகவே நிற்கப் பார்க்கும், சாய்க்க மல்லுக்கட்ட வேண்டும். அண்ணன் மூன்று வருஷமாக மல்லுக்கட்டிப் பழகிய ஆள். புது டயர் உருண்டை. சும்மா நினைத்தாலே சாயும். அதில் பழைய பலத்தைப் போட்டால் படுத்துவிடும்.

திரும்பவும் ஏறி வந்து இன்னொரு முறை இறங்கினேன். இந்தத் தடவை ஒரு விரல் கனம்தான் கொடுத்தேன். வளைவு முழுவதும் ஒரே கோடு. உதறல் இல்லை, பின்சக்கரம் நகரவில்லை. இப்படித் திரும்பும் வண்டியை நான் ஓட்டியதே இல்லை. அருமையான டயர். அதுதான் தாங்க முடியவில்லை.

செவ்வாயன்று மாட்டி முடித்ததும் எஸ்பிளனேடு பக்கம் ஒரு சுற்றுப் போனேன். இரண்டாவது திருப்பத்திலேயே எனக்கு இது தெரியும். அண்ணனிடம் சொன்னது: "இனிமே பயமில்லாம சாய்க்கலாம்ணே." மீதியை ஏன் சொல்லவில்லை? ஓட்டினால் தெரிந்துகொள்ள மாட்டாரா என்ற எரிச்சல். ஒன்றை இரண்டு தரம் விளக்குவது எனக்குப் பிடிக்காது. ஒரு தரமே விளக்கவில்லை.

23, செவ்வாய்.

மறுபடி மழை. ஆஸ்பத்திரி வாசலில் அண்ணி, குடை இல்லாமல். எல்லாம் சொன்னேன். உருண்டை, தட்டை, வளைவு, நான் சொல்லாமல் விட்டது. கையால் காட்டிக் காட்டிச் சொன்னேன்.

பொறுமையாகக் கேட்டார். தலையாட்டினார்.

"அண்ணன் சொல்லச் சொன்னாங்களா?"

"இல்ல அண்ணி. இதுதான் நெசம். எம்மேலதான் தப்பு."

"வேணாம் தம்பி. ஒங்களுக்குப் பொய் வராதுன்னு ஊருக்கே தெரியும். அன்னிக்கி யாரும் சொல்லிக் குடுக்காம வந்து சொன்னீங்க பாருங்க, அதுதான் நெசம். இன்னிக்கி என்னப் பாத்துப் பாவப்படுறீங்க."

"நான் யாருக்காச்சும் பாவப்பட்டுப் பாத்திருக்கீங்களா?"

"இப்பப் பாக்குறேனே."

உள்ளே அண்ணன், "வந்தாளா?" வரவில்லை என்று சொல்ல நான் ஒருவன்.

இரவு முழுக்கத் தகரக் கூரையில் மழை. அந்த வராந்தாவில் வாயை மூடிக்கொண்டு இரண்டு நாள் இருந்திருந்தால் போதும்.

24, புதன்.

இடி மட்டும். மழை நின்றுவிட்டது.

பக்கத்து வீட்டு அக்கா வழி மறித்தார். "ஒங்க அண்ணி ரெண்டு நாளாச் சோத்துல கையே வைக்கல லா. படிச்ச புள்ள, என்னத்தச் சொல்லித் தொலச்ச?"

காதர் அண்ணேயிடம் திட்டத்தைச் சொன்னேன். "ஒரு கால் ஆஸ்பத்திரில கெடக்கு, பத்தாதா?" என்றார். பிறகு வருகிறேன் என்றார்.

பேசிப் பயனில்லை, அண்ணி கண்ணால் பார்க்கட்டும். நாளைக்குச் செய்ய வேண்டியது:

1. அரை நாள் லீவு. தவ்கே கத்தினால் கத்தட்டும்.

2. நல்லெண்ணெய் வாங்க வேண்டும். அண்ணி வீட்டு எண்ணெய் சாக்கடையில் போச்சு.

3. அண்ணி கையாலேயே டயரில் தடவச் சொல்வது. பூஜையன்று தடவிய அதே இடம், அதே அளவு. மாட்டேன் என்றால் காலில் விழுவது.

4. காதர் அண்ணே, அண்ணியையும் துணைக்குப் பக்கத்து வீட்டு அக்காவையும் காரில் கெந்திங்குக்குக் கூட்டி வர வேண்டும். மைல்கல்லுக்கு மேலே மேட்டில் நிற்கட்டும், வளைவு முழுதும் தெரியும்.

5. அண்ணன் வந்த வேகத்திலேயே இறங்குவது. ஒரு விரல் கனம். அதற்கு மேல் கூடாது.

6. விழக் கூடாது.