பெண்கள் பக்கம்

விழுப்புரம் டிப்போவில் இரவுப் பணி முடித்துக் கணவர் சாலமோன் திண்டிவனம் வீட்டுக்கு வருவதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்று எப்சிபா அவசரமாக எழுதினாள்.

“என்னங்க, சாவி மீட்டர் பெட்டி மேல இருக்கு. கேப்பைக் கூழ் கரைச்சு வச்சிருக்கேன், மல்லாட்டை சட்னியும் இருக்கு. சாப்ட்டு, குளிச்சிட்டு ஜல்தியா கோயிலுக்கு வாங்க. நான் முன்னாடி போறேன்.”

பேனா நின்றது. அவள் ஆராதனைக்குப் போய் நாலு மாதம் ஆகிறது. குழந்தை வேண்டி அவர் எழுதிப் போட்ட ஜெபச் சீட்டைப் போதகர் அவள் பெயரோடு சபைக்கு முன் வாசித்த அன்றோடு போவதை நிறுத்தினாள். “என்னை ஏன் ஊரறிய நிக்க வச்சீங்க?” என்று சண்டை போட்டவள், கடவுளோடு பேசுவதையும் நிறுத்திவிட்டாள்.

“நேத்து துவைக்க எடுத்தப்போ உங்க சட்டைப் பையில இந்தப் புதுச் சீட்டு இருந்துச்சு. ஜெபப் பெட்டியில போடாமலே வச்சிருந்தீங்க. துவைக்கிற கல்லுலயே உக்காந்து அழுதுக்கினே ஜெபம் பண்ணேன். குழந்தை எனக்கு இன்னும் வேணுந்தாங்க. ஆனா கேக்குறதுக்கு ஆண்டவர் இருக்காருன்னு திரும்பவும் தோணிச்சு.”

எழுதிக்கொண்டிருந்த அந்தச் சீட்டைத் திருப்பினாள். மறுபக்கத்தில் சாலமோனின் கையெழுத்து: ‘ஆண்டவரே, பிள்ளை அப்புறம் ஆகட்டும். கோயிலில் பெண்கள் பக்கம் திரும்பினால் எப்சிபா முகம் தெரிய வேண்டும்.’

அதன் அடியில் மிச்சமிருந்த இடத்தில் நுணுக்கி எழுதினாள்:

“இன்னிக்கி திரும்பிப் பாருங்க.”