ஐந்தாகப் பிரித்த நாவல்

பெருமதிப்பிற்குரிய அக்காவுக்கு ஓர் அவசர அறிவிப்பு: நம் நாவலின் மூன்றாம் பாகத்தை இன்று காலை முதல் கரப்பான்பூச்சி ஒன்று வாசித்துவருகிறது. அதற்குள் அட்டையின் ஓரத்தை முடித்துவிட்டது. என்னைவிட வேகம்.

அதை விரட்டிவிட்டுப் புரட்டினேன். மறுபடியும் கதையில் மாட்டிக்கொண்டேன்.

படுக்கையில் விழுந்த பிறகு அந்தத் தடிப் புத்தகத்தைத் தூக்க உன் கையில் தெம்பில்லை. "வாடகைப் புத்தகக் கடையில துண்டு துண்டாத் தைச்சு வச்சிருப்பாங்கல்ல? அந்த மாதிரி அஞ்சாப் பிரிடா" என்றாய். நான் கத்தியால் அறுத்தேன். லான்மடாவ் பேட்டைத் தையல் கடையில் வேலை பார்த்த நீ படுத்தபடியே தைத்தாய். காலண்டர் தாளில் அட்டை போட்டு எண் எழுதியது நான். சும்மா இருப்பேனா? இரண்டையும் நான்கையும் மாற்றி எழுதினேன்.

சில நாளில் உன் கூச்சல் நாம் குடியிருந்த தாகேதா பேட்டை முழுக்கக் கேட்டது. "டேய் குரங்கே! கல்யாணத்துக்கு முன்னாடியே இவளுக்கு ரெண்டு புள்ள எப்படிடா வந்துச்சு?"

"காலத்தையே தாண்டுறவ அக்கா. கல்யாணத்தைத் தாண்ட மாட்டாளா?"

சிரித்துச் சிரித்து உனக்கு இருமலே வந்துவிட்டது.

நம் கதாநாயகி லேசுப்பட்டவள் இல்லை. கோயில் குளத்தில் விழுந்து, எழுநூறு ஆண்டுக்கு முந்தைய ஓர் அரசனின் காலத்தில் எழுந்த தையல்காரி. சிறையில் போட்டார்கள், காவலனின் கிழிந்த சால்வையைத் தைத்துக் கொடுத்துச் சோறு வாங்கினாள். வெள்ளத்தில் வீடு போனது. மறுநாளே ஊசியைத் தேடினாள். அழுவாள், ஆனால் கை வேலையை விடாது. இப்போது படிக்கையில் அவளுக்கு உன் முகம்தான் வருகிறது. குளுக்கோஸ் ஏறும் கையை அசைக்காமல், மறு கையால் பக்கம் திருப்பியவள் நீ.

ஐந்தாம் பாகத்தைத் தொடும் முன் உனக்குக் கண் மங்கிவிட்டது. "நீதான் ரெண்டு தடவ படிச்சேன்னு பீத்திக்கிறியே. கடைசியில திரும்பி வந்துடுறாளா?"

"வராம? அரசனையும் இழுத்துக்கிட்டு வர்றா. ரெண்டு பேரும் நம்ம தெருமுனையில மீன்சாறு ஊத்தி நூடுல்ஸ் விக்கிற மொஹிங்கா கடை போடுறாங்க. அரசன்தான் பாத்திரம் கழுவுறான்."

"மொஹிங்கா உன் சரக்கு, தெரியுது. ஆனா வந்துடுறால்ல?"

"சத்தியமா, அக்கா."

கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாய். அந்த வாரமே போய்விட்டாய்.

இரண்டு தடவை எங்கே, அக்கா? தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கிற நான் அப்போது நான்காம் பாகத்தின் நடுவில் நின்றிருந்தேன். ஐந்தாவதை இன்றுதான் முதல் தடவையாகத் திறந்தேன். அதிலும் நேராகக் கடைசிப் பக்கத்துக்குத் தாவிவிட்டேன். அவள் திரும்பி வரவில்லை. வழி திறந்தும் வரவில்லை. நன்றாகத்தான் இருக்கிறாள், அக்கா. இதுவாவது நிஜம்.