எங்க தெருவுல மட்டும் ஏன்?

மார்ச் 4

மேலதிகாரிக்குத் தொண்டை கட்டிவிட்டதாம். நாளைக் கூட்டத்தில் நான் பேச வேண்டுமாம். சுகாதாரத் துறையில் புள்ளிவிவரம் பார்ப்பவள் நான். எண்களோடு பழக்கம், மனிதர்களோடு இல்லை. ஒரே தெருவில் பலருக்குப் புற்றுநோய். ஏன் என்று கேட்கிறார்கள். கண்ணாடி முன் பேசிப் பார்த்தேன். "கண்ணாடியே கொட்டாவி விடுது" என்றார் வீட்டுக்காரர்.

மார்ச் 5

மானம் போயிற்று. "இது தற்செயலாகவும் இருக்கலாம்" என்றுதான் ஆரம்பித்தேன். அந்தத் தெருவின் தையல்கார அக்கா விறுவிறுவென்று வந்து, தலையிலிருந்த விக்கைக் கழற்றி என் மேசைமேல் வைத்தார். "எம் முடி தற்செயலாத்தான் கொட்டுச்சா மேடம்?"

எனக்கு வியர்த்துக் கொட்டியது. பதற்றத்தில் கைக்குட்டை என்று நினைத்து விக்கை எடுத்து முகத்தைத் துடைத்தேன். கூட்டமே சிரித்தது, அக்காவும்தான். எனக்குத்தான் அழுகை.

மார்ச் 6

என் பைக்குள் விக். ஐயோ!

மார்ச் 7

திருப்பிக் கொடுக்கப் போனேன். திட்டுவார் என்று நினைத்தேன். "நல்லா முகம் தொடைக்குதா?" என்று கேட்டு உட்கார வைத்தார். பிறகு குரல் இறங்கியது. "எம் பொண்ணும் இங்கதானே வளர்றா? வீட்டைக் காலி பண்ணிடவா? சொல்லுங்க."

தெரியவில்லை, விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.

மார்ச் 16

வீடு வீடாகப் போய்க் கேட்கிறேன், அக்கா துணைக்கு. அக்காவின் எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். செல்போன் டவர்தான் காரணமாம். தன் போனை அலுமினியத் தாளில் சுற்றி வைத்திருக்கிறார். மணியடித்தால் பிரிப்பதற்குள் நின்றுவிடுகிறது. பிள்ளைகள் பேசுவதே இல்லை என்று அதற்கும் டவரைத் திட்டுகிறார்.

ஜூலை 12

தெருக்காரர்களைக் கூட்டி ஆய்வின் முடிவைச் சொன்னேன். ஆளுக்கொரு வகைப் புற்றுநோய். தண்ணீரில், காற்றில் கோளாறு எதுவும் தெரியவில்லை. பொதுவான காரணம் கிடைக்கவில்லை; ஒவ்வொருவருக்கும் ஏன் வந்தது என்று சொல்லவும் முடியாது. இந்த முறை "தற்செயல்" என்ற சொல் பக்கமே போகவில்லை.

"அப்ப எம் பொண்ணு இங்கயே இருக்கலாமா?"

"இருக்கலாம்க்கா."

டிரைவர் மட்டும் முறைத்தார். "டவர்காரங்ககிட்ட விலை போயிட்டீங்க!"

ஜூலை 19

தெருவில் புற்றுநோய்ப் பரிசோதனை முகாம். டிரைவர், தானும் வரமாட்டேன், மனைவியையும் அனுப்பமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். அக்கா அந்த அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். பின்னாலேயே டிரைவர், வழியெல்லாம் சண்டை போட்டபடி.

ஆகஸ்ட் 2

டிரைவர் போன் செய்தார். மனைவிக்கு மார்பில் சின்னக் கட்டி. புற்றுநோய்தானாம். "ஆரம்பத்துலயே பாத்துட்டீங்க, குணப்படுத்திடலாம்னு டாக்டரம்மா சொன்னாங்க."

டவர் பேச்சையே எடுக்கவில்லை.

"சாப்பிட்டீங்களாம்மா?" என்றார்.

சாப்பிட்டிருக்கவில்லை. "ஆச்சு ஐயா" என்றேன்.